மகளிர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2022–23

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் அன்புச் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவுப்படி, கொரோனா காலத்தில் விட்டுப்போன மருத்துவத்தை மறுபடி பிடிப்பதையே இந்த ஆண்டின் முக்கிய வேலையாக வைத்துக்கொண்டோம். அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருக்கும். மற்றவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. செயற்குழுவில் மாற்றம் எதுவும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். நூலக அலமாரியின் பூட்டை இன்னும் மாற்றவில்லை. அதைப் புதிய செயற்குழு கவனிக்க வேண்டும்.

கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2020 மார்ச் 11 அன்று. உலக அளவிலான அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5 அன்று. அந்தச் செய்தி வந்த மாலையில் ஓர் உறுப்பினர் போன் செய்து, "அக்கா, எல்லாம் முடிஞ்சிடுச்சாமே" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அப்போது என் கையில் நம் சங்கத்தின் நோட்டு இருந்தது. யாருக்கு எந்தப் பரிசோதனை விட்டுப்போனது என்று எழுதி வைத்திருக்கும் நோட்டு. அதில் இன்னும் அடிக்கப்படாத வரிகள் நிறைய இருந்தன.

அந்த நோட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆண்டின் முதல் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் கவர் எதுவாக இருந்தாலும் எடுத்து வாருங்கள் என்று கேட்டிருந்தோம். ஓர் உறுப்பினர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தபோது காலை, மதியம், இரவு மூன்று வேளையும் காய்ச்சலும் ஆக்சிஜன் அளவும் பார்த்து எழுதி வைத்த நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே தலைப்பு எழுதியிருந்தார்: மாமா, அவர், பெரியவன், சின்னவள். நான்கு பத்தி. ஒரு வேளைகூட விடுபடவில்லை. நடுராத்திரி எழுந்து பார்த்த அளவுகூட நேரத்தோடு இருந்தது. "உங்க அளவு எங்கேம்மா?" என்று தலைவர் கேட்டார். அவர் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். "எனக்கும் அப்போ காய்ச்சல்தான். எழுதலை" என்றார்.

அன்று கூட்டத்தில் வேறு எதுவும் பேச முடியவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு நோட்டை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். சங்க நோட்டு அன்றைக்குத்தான் தொடங்கியது. அதில் உறுப்பினரின் பெயரை மட்டும்தான் எழுதுவோம். வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார் யாருக்கும் அதில் இடமில்லை.

எழுதத் தொடங்கிய பிறகுதான் எத்தனை விதமாக விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தது. தைராய்டு மாத்திரையை மூன்று ஆண்டாக அதே அளவில் போட்டுக்கொண்டிருப்பவர். மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமுக்குக் கொடுத்த தேதியை மருத்துவமனையே ரத்து செய்ய, புதுத் தேதி தருகிறோம் என்றவர்கள் கூப்பிடவே இல்லை, இவரும் கேட்கவில்லை. காப்பர் டி மாற்ற வேண்டிய காலம் தாண்டியும் அப்படியே வைத்திருப்பவர். பல் வலிக்கு வலி மாத்திரையே துணை என்று இருந்தவர். ஒருவரின் கோப்பில் 2020 மார்ச் கடைசி வாரத் தேதி போட்ட சீட்டு இருந்தது. அதை அடித்து ஜூன், ஜூனை அடித்து செப்டம்பர். அதற்குப் பிறகு அடித்ததும் இல்லை, எழுதியதும் இல்லை.

இது நம் சோம்பேறித்தனம் என்று சிலர் தங்களையே நொந்துகொண்டார்கள். அப்படி இல்லை என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் 105 நாடுகளில் விசாரித்தபோது, ஏறத்தாழ 90 சதவீத நாடுகளில் அத்தியாவசிய மருத்துவச் சேவைகள் ஏதோ ஒரு வகையில் தடைபட்டிருந்தன. குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை 68 சதவீத நாடுகளிலும், புற்றுநோய் கண்டறிதலும் சிகிச்சையும் 55 சதவீத நாடுகளிலும் பாதிக்கப்பட்டன. கதவு மூடியிருந்தபோது நாம் திரும்பி வந்தோம். அது நம் தப்பு இல்லை.

ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தக் கதவு ஒரே மாதிரி மூடவில்லை. அமெரிக்காவில் கைசர் குடும்ப அறக்கட்டளை 2020 இறுதியில் நடத்திய ஆய்வில், வழக்கமான உடல் பரிசோதனையைத் தவறவிட்டதாகச் சொன்ன பெண்கள் 38 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். மருத்துவமனைக்குப் போனால் தொற்று வரும் என்ற பயம் இருவருக்கும் உண்டு. நம் பயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது: எனக்கு வந்தால் பரவாயில்லை, நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்? கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது இந்தக் கேள்விக்குத்தான் அதிகக் கைகள் உயர்ந்தன. அப்புறம் வீட்டில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, படுக்கையில் பெரியவர்கள், வருமானம் குறைந்துபோன கவலை. இத்தனைக்கும் நடுவில் தன் உடம்பைத் தூக்கிக் கடைசியில் வைப்பது ரொம்பச் சுலபமாக நடந்துவிடுகிறது.

அப்படி வைத்ததில் நாம் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. இங்கே நம்மோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சகோதரி, பெயர் வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். 2020-இல் குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. இந்த நேரத்தில் இதைப் போய்ச் சொல்வதா என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கட்டி பெரிதான பிறகுதான் மருத்துவரைப் பார்த்தார். அதற்குள் அக்குளுக்கும் பரவியிருந்தது. சிகிச்சை முடிந்து இன்று நலமாக இருக்கிறார். "வலி இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன்" என்று அவர் சொன்னதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. புற்றுநோய் அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நான்கு வாரம் என்பது நமக்கு எவ்வளவு சாதாரணமாகப் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கடினம். பரிசோதனைக்குப் போகும் தடவைகள் குறைந்தன. பிரசவ அறைக்குள் துணைக்கு ஆள் விடவில்லை. 2021-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குழந்தை இறந்து பிறப்பது கால் பங்குக்கு மேல் கூடியிருந்தது. கருக்குழாயில் கரு தங்கிவிட்டு அவசர அறுவை சிகிச்சை வரை போனவர்களும் பல மடங்கு கூடியிருந்தார்கள். வயிற்று வலி, ரத்தக்கசிவு என்று வந்தவுடன் போகாமல் காத்திருந்தது இதற்கு ஒரு காரணம். குழந்தை பெறுவது குறித்த முடிவுகளும் நம் கையை விட்டுப் போயின. 115 நாடுகளில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெண்களுக்குக் கருத்தடைச் சேவை தடைபட்டது, அதனால் 14 லட்சம் திட்டமிடாத கருத்தரிப்புகள் ஏற்பட்டன என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2021-இல் மதிப்பிட்டது.

ஆண்டு நடுவில் மிக அதிக நேரம் எடுத்துக்கொண்ட கூட்டம் தடுப்பூசியும் மாதவிடாயும் பற்றியது. ஊசி போட்ட பிறகு மாதவிடாய் தள்ளிப்போனது, அதிகமாகப் போனது என்று நம்மில் பலர் முன்பே சொன்னோம். மனப்பிரமை என்று பதில் கிடைத்தது. தடுப்பூசிச் சோதனைகளில் மாதவிடாய் பற்றித் தனியாகக் கேட்டுப் பதிவு செய்யவே இல்லை. பிறகு 2022 ஜனவரியில், ஏறத்தாழ 4,000 பெண்களின் சுழற்சியைப் பதிவு செய்த ஓர் ஆய்வு வந்தது. மாற்றம் உண்மைதான், சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவு, அதுவும் தற்காலிகமானது என்று தெரிந்தது. இந்தப் பதில் முதலிலேயே கிடைத்திருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக ஊசி போட்டிருப்பார்கள்! முதல்கட்டச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் அவர்களும் முடிவெடுக்கத் தடுமாறினார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஏழு மாதமும் ஊசி போடலாமா வேண்டாமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லக் கேட்டு அழுதிருக்கிறார். கர்ப்ப காலத்தில் கொரோனா வந்தால் தீவிரமாகும் ஆபத்தும் குறைமாதப் பிரசவ ஆபத்தும் அதிகம் என்பது பின்னால் தெளிவானது. பெண்கள் ஒன்றைச் சொல்லும்போது அதை உடனே குறித்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பதில் எனக்குக் கோபமே உண்டு. கோபத்தோடுதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

கொரோனா நமக்கு நல்லதும் சில செய்தது. போனில் மருத்துவரிடம் பேசும் வழக்கம் வந்தது. பழைய மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க அரைநாள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிபி கருவி வீட்டுக்கு வந்தது. ஆனால் போனிலும் ஒரு சிக்கலைப் பார்த்தோம். வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போது வெள்ளைப்படுதலைப் பற்றி எப்படிப் பேசுவது? ஓர் உறுப்பினர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியதாகச் சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் மருத்துவர் சொன்னது பாதி கேட்கவில்லை. வீட்டிலேயே அடி வாங்குகிற பெண்ணுக்கு அந்த வழியும் கிடையாது. அதனால்தான் நம் சங்க அறையை வாரத்தில் இரண்டு மதியம் இதற்கென்றே ஒதுக்கினோம். கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகப் பேசலாம். யார் வந்தார்கள், எதற்குப் பேசினார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனை பற்றிப் பேசிய கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி கிடைத்தது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கும் முறையையும் ஏற்றுக்கொண்டது. "மூணு வருஷம் போச்சே, இனி என்ன பார்த்து என்ன" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சரி, போனது போகட்டும், இப்போது போகலாம் என்று பலர் அந்த வாரமே கிளம்பினார்கள்.

துணைக்குப் போகும் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியாகப் போகப் பயப்படுகிறவருக்கு நம்மில் ஒருவர் கூடப் போவது என்று வைத்தோம். முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு நோட்டில் ஒரு வரி அடிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்ததும் கேட்கத் தொடங்கினார்கள். நான் கூடப் போன ஒருவர், கூப்பிடும் வரை என் கையைப் பிடித்தே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "இவ்வளவுதானா, இதுக்கா மூணு வருஷம்?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திரும்பும் வழி முழுக்க அவரே பேசிக்கொண்டு வந்தார்.

கொரோனாவில் இரவும் பகலும் நின்ற செவிலியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இந்தச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. உலக அளவில் சுகாதாரப் பணியில் இருப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். நம் உறுப்பினர்களிலும் அவர்கள் உண்டு. தங்கள் பரிசோதனையை எல்லோரையும் விட அதிகம் தள்ளிப்போட்டவர்களும் அவர்கள்தான். வரும் ஆண்டில் அவர்கள் பெயரில் இருக்கும் வரிகளை முதலில் அடிக்க வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

நோட்டு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அடுத்த வியாழக்கிழமை மார்பகப் பரிசோதனைக்குப் போகும் ஒரு சகோதரிக்குத் துணைக்கு ஆள் வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்ப முடிந்தவர் அதே பக்கத்தின் ஓரத்தில் பெயர் எழுதவும். நான்கு பத்தி நோட்டைக் கொண்டுவந்தவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சென்ற மாதம் வந்துவிட்டது. அவர் வரியை அவரே சிவப்பு மையில் அடித்தார்.

இப்படிக்கு,
செயலாளர்