ஆலயத் திருப்பணி நிறைவு: கட்டடக் கமிட்டி சபையாருக்கு வைக்கும் கணக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

கூரை மாற்றியாயிற்று, வயரிங் புதிதாக இழுத்தாயிற்று, பெயிண்ட் அடித்தாயிற்று, சுற்றுச்சுவரும் முடிந்தது. இதைப் பற்றி யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதிப்பீட்டுக்கு மேல் போன 5 லட்சத்துச் சொச்சத்தைப் பற்றித்தான் வடசேரி சந்தை வரைக்கும் பேச்சு என்பதால் அதையே சொல்லிவிடுகிறோம்.

அதில் ஒரு பங்கு ஜல்லிக்கும் எம் சாண்டுக்கும் ஏறிய விலை. நம் மலையை உடைத்துக் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்கு லோடு போகிறது, நமக்கு இங்கே விலை ஏறுகிறது, இதைக் குமரிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

மீதிதான் கூரைத் தகராறு. ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் வேலையை முடிப்பதாக எழுதித் தந்த கான்ட்ராக்டர், பழைய ஓடுகளை இறக்கி, அவற்றைத் தாங்கிய கழுக்கோலையும் பிரித்துப் போட்டுவிட்டு, இரும்பு விலை கூடிவிட்டது, ரேட்டைக் கூட்டுங்கள் என்று நின்றார். ஒப்பந்தப்படி முடியாது என்றோம். மறுநாள் ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. அவர் கூட்டி வந்த ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் மட்டும் கூலி பாக்கியோடு ஆலய வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அது கான்ட்ராக்டர் பாடு, நமக்கென்ன என்றுதான் கமிட்டியில் பெரும்பாலோர் சொன்னோம். போதகர் ஐயா, வேலைக்காரர் கூலியைப் பிடித்து வைப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு 5:4ஐத் திறந்து வைத்துவிட்டு, "முதலில் கூலி, அப்புறம் மற்றப் பேச்சு" என்றார். இதெல்லாம் சுவிசேஷ ஊழியமா ஐயா என்று ஒரு மூப்பர் கேட்டார். "மேலாடை போடும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தில் நம் பாட்டிமார் அடிபட்டபோது மிஷனரிமார் இப்படிக் கேட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால், 1859இல் அதை அனுமதித்த திருவிதாங்கூர் அறிவிப்பு வந்திருக்குமா?" என்றார் ஐயா. அதற்குமேல் யாரும் பேசவில்லை.

உணர்ச்சிவசப்பட்டுப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டோம் என்று சிலர் சொல்வது சரியல்ல. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்தவர் கொடுத்துவிட்டு அவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த வழி. நாங்களும் கழித்தோம். அவர் ஒப்பவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்தது, கடைசியில் ஒரு தொகை கொடுத்துத் தீர்த்தோம். கொட்டும் மழையில், தார்ப்பாய்க்குக் கீழே ஆராதனை நடக்கும்போது, வேலையை ஏற்ற இரண்டாம் கான்ட்ராக்டர் கேட்ட ரேட்டையும் கொடுத்தோம். வேறு வழி இருந்தது என்பவர்கள் அந்த ஞாயிறுகளில் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த புகார், ஹாலின் கீழ்த்தளம். கல்யாணப் பந்திக்கு வாடகைக்கு விட்டால் வருமானம் வரும், உண்மைதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் நோயாளியோடு வந்து ராத்திரி படுக்க இடமில்லாமல் நிற்பவர்களுக்கு அதை ஒதுக்க வேண்டும் என்று ஐயா கேட்டார். சபைக் கூட்டத்தில் வைத்து, கைதூக்கி நீங்களே நிறைவேற்றியது. மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. கோபுரத்துக்கு முன்னால் சக்கர நாற்காலிச் சாய்தளம் எதற்கு என்றவர்களின் அம்மாமார்தான் இப்போது அதில் ஏறி வருகிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு விற்ற பெண்கள் ஐக்கிய சங்கம், மண் சுமந்த வாலிபர் சங்கம், உண்டியல் உடைத்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து அனுப்பியவர்கள், ஃபேன் வாங்கித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முதல் மாதச் சம்பளத்தை அப்படியே தந்த ஒரு நர்ஸ் தங்கச்சி, பெயர் போட வேண்டாம் என்ற மூன்று குடும்பங்கள். மற்றவர் பெயரெல்லாம் ஆலய வாசல் பலகையில் தொகையோடு இருக்கிறது. விட்டுப்போனால் பொருளாளரிடம் ரசீதைக் காட்டுங்கள்.

பில்லும் வவுச்சரும் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மேசையில் இருக்கும். சந்தேகத்தை அங்கே வந்து கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

கட்டடக் கமிட்டி