படைப்புக்கு வரும்போது வளவு அறைச் சாவியையும் எடுத்து வாருங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் பங்குள்ள அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

வணக்கம். சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் குடியிருந்துகொண்டு, ஊரில் வளவை, அதாவது வீட்டு உள்முற்றத்தை, ஒட்டிய ஓர் அறைச் சாவியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். முன்னோருக்குப் படையலிட நாம் கூடும் படைப்புக்கு வரும்போது அந்தச் சாவியையும் எடுத்து வாருங்கள். அறைப் பெட்டிகளில் கிடக்கும் பழைய புத்தகங்களைப் படமெடுத்து மின்னூலாக்க வேண்டும்.

தீபாவளிக்கு வந்த என் மகன் ஒரு மின்னூல் வாசிப்பானை என் கையில் வைத்துவிட்டுப் போனான். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்துப் புத்தகங்களைத் தொடவே தயங்கிக்கொண்டிருந்தேன். எழுத்தைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றதும் கருவி பிடித்துப்போயிற்று. ஆனால் கருவி வாங்கிக் கொடுத்தவன் அதற்குள் போடப் புத்தகம் வாங்கிக் கொடுக்கவில்லை. "அதெல்லாம் இலவசமாகவே கிடைக்கும் அப்பச்சி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். நம்மவர் காதில் "இலவசம்" என்ற சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் அதே வேலையாக இருந்தேன்.

அவன் சொன்னது உண்மைதான். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க நூல்கள் முதல் கல்கி வரை கிடைக்கின்றன. உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் தட்டெழுதி, பிழை பார்த்து ஏற்றியவை அவை. சம்பளம் வாங்கிச் செய்த வேலை அன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலம் என்ற திறந்த இணைய நூலகத்துக்கும் போயிருக்கின்றன. இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே மனமுவந்து பொது உரிமத்தில் கொடுத்த நூல்களை 2013 முதல் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் வெளியிட்டு வருகிறது. ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் கொடுக்கும் அளவுக்கு அவர்களுக்கு வாசகன்மேல் அக்கறை. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது.

விலை கொடுத்து வாங்குவதைப் பற்றி இரண்டே வார்த்தை. தள்ளுபடி நாட்களில் பல தமிழ் மின்னூல்கள் அச்சு நூலின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. மாதச் சந்தா கட்டினால் நிறையப் படிக்கலாம், ஆனால் சந்தா நின்றதும் எடுத்த புத்தகங்கள் திரும்பிப் போய்விடும், அது வாடகைப் பாத்திரம். நம் வாட்ஸ்அப் குழுவில் சிலர் உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் நாவல்களைத் திருட்டுப் பிடிஎஃப்பாக அனுப்புகிறீர்கள். தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். வட்டிக் கணக்கில் ஒரு காசு விடாதவர்கள் ஓர் எழுத்தாளனுக்குச் சேர வேண்டிய காசை மட்டும் எப்படி விடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் தேடிவிட்டு நம் ஊர்ப் புத்தகங்களைத் தேடினேன். ஐயா காலத்தில் வீட்டில் இருந்தவை. ரங்கூனில் அச்சான தோத்திரப் புத்தகங்கள், மணிவிழாவுக்கு அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் வழங்கிய திருமுறைப் பதிப்புகள், கோவில் வரலாறுகள், 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த ஊழியன், குமரன் இதழ்கள். ஊழியனில் புதுமைப்பித்தன் கொஞ்ச நாள் வேலை பார்த்தார் என்று பெருமை பேசுகிறோமே, அந்த இதழின் ஒரு முழு ஆண்டுத் தொகுப்பை என் கருவியில் படிக்க வழியில்லை. நான் தேடிய பட்டியலில் பாதிக்குமேல் அகப்படவில்லை. படியெடுத்து வைத்தவை சில கிடைத்தன, அவையும் வெறும் பக்கப் படங்கள். ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோலத் தெரிகின்றன.

இல்லாமல் போனவை எங்கே போயின என்று எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தேக்குத் தூணுக்கு ஒரு வியாபாரி, கதவு நிலைக்கு ஒரு வியாபாரி, பீங்கானுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் ஒரு வியாபாரி. கரண்டி வரைக்கும் பேரம் நடந்தது. நான்கு மரப்பெட்டிப் புத்தகத்தை மட்டும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எடைக்குப் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பிவிட்டது. வாசலில் அட்டை இல்லாத ஒரு பஞ்சாங்கம் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இதே மண்ணில் கோட்டையூர் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், இதழ், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நல்லவேளையாகக் கப்பல் ஏற்றவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. மலிவுப் பதிப்பு என்றால் நினைவுக்கு வரும் சக்தி வை. கோவிந்தனும் நம் இராயவரத்துக்காரர்தான். சாதாரண மனிதன் வாங்கும் விலைக்குப் புத்தகம் போட்டவர். அப்படிப்பட்ட ஊர்களில் இன்று காகிதத்துக்கு எடைக்கல்தான் விலை சொல்கிறது.

சட்டம் தடுக்கிறதா என்று கேட்பீர்கள். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவாகிவிடும் என்பது நம் நாட்டுச் சட்டம். மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 1953இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த அவருடைய நூல்கள் 2014 ஜனவரி முதல் யாரும் ஏற்றலாம். உங்கள் பெட்டியில் இருப்பவற்றில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் வந்துவிடும் என்பது என் எண்ணம். வராதவற்றை ஒதுக்கிவைப்போம். உங்கள் ஐயா எழுதி, உரிமை உங்களிடம் இருந்தால் ஒரு கையெழுத்துப் போதும்.

வேலையும் பெரியதன்று. நல்ல வெளிச்சம், ஒரு தாங்கி, ஒரு கைப்பேசி இருந்தால் முற்றத்திலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிடலாம். புத்தகத்தின் முதுகு உடையும் என்று பயமிருந்தால் அதைப் பாதி திறந்த நிலையிலேயே வைத்து எடுக்கலாம். அதன் பிறகுதான் பொறுமை வேண்டும். படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்துத் தரும், ஆனால் பழைய அச்சில் அது தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணையும் லையும் துதிக்கை தூக்கிய யானை மாதிரி நிற்கும், கணினி அதை வேறு எதுவாகவோ எடுத்துக்கொள்ளும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறும். இதையெல்லாம் வரிவரியாகத் திருத்த விக்கிமூலத்தில் வழி இருக்கிறது. திருத்தி முடித்த நூலை ஈபப் என்ற மின்னூல் கோப்பாக இறக்கினால் பெரும்பாலான கருவிகளில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். தினம் ஐந்து பக்கம் என்று நான் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற இரண்டு தமிழாசிரியர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி காப்பியும் சீடையும்.

நான் கேட்பது புத்தகத்தை அன்று. புத்தகம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். வீடு பதினாறு பங்காகப் பிரிந்து கிடப்பதால் ஒருவர் சரி என்றால் இன்னொருவர் முகம் திருப்புவார் என்பதும் எனக்குத் தெரியும். ஓடும் உத்தரமும் பங்கு வைத்தால் குறையும், மின்னூல் அப்படிக் குறையாது, பதினாறு பேருக்கும் முழுசாகவே போகும். ஆகவே இதில் சண்டைக்கு இடமில்லை. சண்டை வேண்டுமென்றால் தூணுக்குப் போடுங்கள்.

வரும் படைப்புக்கு எப்படியும் எல்லோரும் ஒன்றாகக் கூடுவோம். படையல் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஏப்பம் விடும் இரண்டு மணி நேரம் எனக்குப் போதும். பெட்டியைத் திறந்து முதலில் பட்டியல் மட்டும் எழுதுவோம். எடுக்கலாம் என்று நீங்கள் காட்டுவதை மட்டும் படமெடுக்கிறேன். வெள்ளைத் துணி, தாங்கி, விளக்கு எல்லாம் நான் கொண்டுவருகிறேன்.

சென்ற முறை போல "சாவி சென்னையில் இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்காளிகளில் ஒருவன்