அட்வான்ஸ் கொப்பியில் வெட்டுப்பட்ட திகதிகள்: வன்னியின் ஆலய சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் ஆலய பரிபாலன சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஐயாமாருக்கும், ஆண்டு விழா வைக்கும் விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

நான் விசுவமடுவில் சின்னதாக ஒரு சவுண்ட்ஸ் வைத்திருப்பவன். எட்டு பொக்ஸ், இரண்டு ஜெனரேட்டர், ஒரு பழைய மிக்ஸர், ஒரு பட்டா வாகனம் நிறைய வயரும் லைட்டும். இவ்வளவுதான் என் சொத்து. உங்களில் பலருக்கு என் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று உங்கள் ஊரைப் பின்னேரத்தில் எழுப்புகிறவன் நான்தான். நடுச்சாமத்தில் "தம்பி, மைக் கத்துது" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறவர்கள் நீங்கள்.

தை பிறந்துவிட்டது. பங்குனி, சித்திரை, வைகாசித் திருவிழாக்களுக்கு அட்வான்ஸ் பேசுகிற காலம் இது. இந்த முறை பேச உட்கார முன்னம் ஒரு விடயத்தை வெளியில் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் ஒரு அமெரிக்க ரொக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவனுக்கு என்ன வந்தது என்று யோசிக்காமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயர் கிஸ். 1973இல் நியூயோர்க்கில் தொடங்கியது. நாலு பேர், முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் கறுப்பில் நட்சத்திரமும் பூனை மீசையும். ஜீன் சிமன்ஸ் என்று ஒருவர் மேடையில் நெருப்பை ஊதுவார், நாக்கை நெஞ்சு வரைக்கும் நீட்டி வாயிலிருந்து செயற்கை இரத்தம் வடிய நிற்பார். ஜெர்மனியில் இருக்கும் என் மச்சானுக்கு இவர்கள் என்றால் உயிர். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மம்மா கேட்டது, "இது எந்தக் கோயில் கலையாட்டமடா?" முள்ளியவளையில் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த மனுசி. பூச்சையும் நெருப்பையும் கண்டால் கோயில்தானே ஞாபகம் வரும்.

இந்தக் குழு 2018இல், இனிப் போதும், கடைசியாக உலகம் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டு நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. 2019 ஜனவரி 31ஆம் திகதி கனடாவின் வன்கூவரில் தொடங்கினார்கள். 2021 ஜூலையில் நியூயோர்க்கில் முடிப்பதாகத் திட்டம். 2020 மார்ச் 10ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தில் லபக் என்ற ஊரில் வாசித்தார்கள். அடுத்த நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகத் தொற்று என்று அறிவித்தது. லொறிகள் திரும்பிப் போயின.

அதற்குப் பத்து நாளில் எங்களுக்கும் அதுதான். மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. அந்த நாட்களிலேயே எங்கள் பக்கத்துப் பம்பைமடுவுக்கும் கேப்பாப்புலவுக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுவந்து தனிமைப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் ஊரடங்குக்குள் வந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கல் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு நடந்தது. என் அட்வான்ஸ் கொப்பியில் அந்த வருடம் பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் பதினாலு திகதி எழுதியிருந்தேன். பதினாலையும் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

சவுண்ட்ஸ் சாமானைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிய நியாயமில்லை. வேலை செய்தால் அது கெடாது, சும்மா இருந்தால்தான் கெடும். கொட்டிலில் அடுக்கி வைத்த பொக்ஸுக்குள் எலி குட்டி போடும், கடதாசிக் கோனைக் கடித்து அதையே மெத்தையாக்கும். அம்பிளிபயருக்குள் ஈரம் இறங்கும். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் எல்லாவற்றையும் வெளியில் எடுத்து, வயர் கொழுவி, அரை மணித்தியாலம் மெல்லிசாகப் பாட்டுப் போடுவேன். கேட்க ஆள் இல்லை. முற்றத்தில் கோழிகள் மட்டும். ஒரு நாள் வெளியில் கொஞ்சம் கூடக் கேட்டுவிட்டது போல, வீதியால் போன பொலிஸ் ஜீப் நின்று, "விழா வைக்கிறியா?" என்று விசாரித்துவிட்டுப் போனது.

என்னோடு ஐந்து பெடியள். இரண்டு பேர் கச்சான் தோட்டத்துக்குப் போனார்கள். ஒருவன் கிளிநொச்சிப் பக்கம் தச்சு வேலை. ஒருவன் மாமனோடு கடலுக்கு. மிக்ஸரில் என்னைவிடக் கை தேர்ந்தவன் பிறகு வவுனியாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அந்த மே மாதத்தில் ஒரு ஆலய சபையிலிருந்து போன் வந்தது. எந்த ஆலயம் என்று எழுதமாட்டேன், சாமி பாவம். "தம்பி, திருவிழா இல்லைத்தானே, தந்த அட்வான்ஸ் பதினையாயிரத்தைத் திருப்பித் தாரும்." நான் அதில் வயர் வாங்கியிருந்தேன். அவர்களுடைய தேர் வீதி நீளம் என்பதற்காகவே வாங்கிய வயர் அது. "அடுத்த வருசத்துக்குக் கழிப்பம் ஐயா" என்றேன். "அது வேற வருசம்" என்றார். மனைவியின் ஒரு சோடித் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். 2022இல் அதே திருவிழா திரும்பவும் பெரிதாக நடந்தபோது வேறு மாவட்டத்திலிருந்து வேறு சவுண்ட்ஸ் வந்தது. நான் சனத்தோடு சனமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர்களுடைய பின் வீதிப் பொக்ஸில் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்தான், மறைப்பானேன்.

இப்போது மச்சான் கதைக்கு வருகிறேன். அவன் 2020 கோடைக்கு கிஸ் டிக்கெட் எடுத்திருந்தான். ஐரோப்பியச் சுற்று 2021க்குத் தள்ளிப்போனது, பிறகு 2022க்குத் தள்ளிப்போனது. அவன் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தான். எடுத்த டிக்கெட் செல்லும், திகதிதான் மாறும் என்று சொல்லியிருந்தார்கள். 2022இல் அதே டிக்கெட்டோடு போய்ப் பார்த்துவிட்டு எனக்கு வீடியோ அனுப்பினான். நான் பார்த்தது மேடையை இல்லை, மேலே தொங்கிய பொக்ஸை. திருவிழா நின்றால் திகதி செத்துப்போகிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் அதை உயிரோடு தள்ளி வைத்தார்கள். எனக்குப் பட்டது அவ்வளவுதான்.

அவர்கள் எல்லாம் திறம் என்று சொல்ல வரவில்லை. 2020 டிசம்பர் 31இல், உலகமே வீட்டுக்குள் இருக்கும்போது, டுபாயில் ஒரு நிகழ்ச்சி செய்து இணையத்தில் காட்டினார்கள். வாணவேடிக்கைக்கு மட்டும் பத்து இலட்சம் டொலருக்கு மேல் என்று விளம்பரம். அந்தப் புகைக்காசில் வன்னியில் எத்தனை கொட்டில் நிமிர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

2021 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கினார்கள். அந்த மாதமே பாடகர் போல் ஸ்டான்லிக்குத் தொற்று, பென்சில்வேனியாவில் சனம் வரத் தொடங்கும் நேரத்தில் நிகழ்ச்சி நின்றது. பிறகு ஜீன் சிமன்ஸுக்கும் வந்தது, அப்போது அவருக்கு வயது 72. இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள். தப்பாதவர் ஒருவர் இருக்கிறார். போல் ஸ்டான்லிக்கு இருபது வருடமாகப் பின்னால் நின்று கிற்றாருக்குச் சுருதி கூட்டிக் கொடுத்த தொழிலாளி. அந்த ஒக்டோபரில், சுற்றுக்கு நடுவில், ஹோட்டல் அறையில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தபோது இறந்துபோனார். பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்று கூட வேலை செய்த சிலர் பத்திரிகைக்குச் சொன்னார்கள். குழு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2022இல் முதல் திருவிழாவுக்குப் போனபோது என் பெடியன் ஒருவன் காய்ச்சலோடுதான் ஏணியில் ஏறி லைட் கட்டினான். "வீட்டை போடா" என்று நான் சொல்லவில்லை. ஆள் இல்லை. அன்றைய சம்பளத்தை வெட்டினால் அவனுக்கும் வழியில்லை.

அந்த வருடத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கொரோனா விட்டது, டீசல் பிடித்தது. 2021 டிசம்பரில் லீட்டர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூன் முடிய 460 ரூபாய். அந்தக் காசுக்கும் வரிசையில் கிடக்க வேண்டும். பழைய விலைக்குப் பேசிய திருவிழாக்களைப் பழைய விலைக்கே செய்து கொடுத்தேன். கோயில் வேலை, வாய் விட்டுச் சொன்னதை மாற்றக்கூடாது என்று அப்பா சொல்லுவார். இப்போது யோசித்தால் கொஞ்சம் விசர் வேலைதான்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். உபயகாரர் காசு அனுப்பினால்தான் உங்களுக்கும் திருவிழா. அந்த 2020இல் சில சபைகள் திருவிழாக் காசை எடுத்து உலர் உணவுப் பொதி கட்டி வீடு வீடாகக் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அரிசி, பருப்பு, ஒரு ரின்மீன். மறக்கவில்லை. மேளக்காரர், பந்தல்காரர், கடலை வண்டிக்காரர் எல்லோரும் என்னைப் போலத்தான் இருந்தார்கள் என்பதும் தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். அட்வான்ஸ் தரும்போது ரசீதின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வைப்போம், சட்டத்தரணி தேவையில்லை. நோயோ வெள்ளமோ அரசாங்கத் தடையோ வந்து திருவிழா நின்றால், தந்த காசு என்னிடம் நிற்கட்டும், அடுத்து எப்போது கொடியேறுகிறதோ அப்போது நான்தான் வருவேன். டீசலை மட்டும் அன்றைய விலைக்குப் பார்ப்போம். நான் வராமல் விட்டால் காசு முழுக்கத் திரும்பும், அதையும் எழுதுங்கள். காய்ச்சல் என்று ஒரு பெடியன் நின்றுவிட்டால் அவன் சம்பளத்தில் பாதியை நான் போடுகிறேன், பாதியைச் சபை போடட்டும். கொரோனாதான் திரும்ப வர வேண்டும் என்றில்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்து பாதி ஊர் தண்ணீரில் நின்றதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள்.

கிஸ் குழு ஒரு வழியாக 2023 டிசம்பர் 2ஆம் திகதி நியூயோர்க்கில் முடித்தது, திட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டரை வருடம் பிந்தி. சரி, அவர்கள் கதை முடிந்தது.

போன கிழமை வவுனியாவிலிருந்து என் மிக்ஸர்காரன் போன் எடுத்தான். "அண்ணை, பங்குனிக்கு வேலை நிச்சயமோ? லீவு இப்பவே எழுதிக் குடுக்க வேணும்" என்றான். உங்களோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து ஒரு சவுண்ட்ஸ்காரன்