பூவின் அடியைப் பார்

அன்புள்ள செல்விக்கு,

நேற்று போனில், "பூசணிக் கொடியில் இருபது பூ பூத்தது, ஒன்றுகூடக் காய்க்கலை, எனக்குக் கைராசியே இல்லம்மா" என்று அலுத்துக்கொண்டாய். நீ அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அத்தனையும் ஆண் பூ. ஆண் பூ எப்படிடீ காய்க்கும்?

பூசணிக்கு வழக்கமே அதுதான். முதலில் ஆண் பூவாகவே பூத்துக் கொட்டும், பெண் பூ பிறகுதான் வரும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள். அடியைப் பார்க்க வேண்டும். ஆண் பூ நீளமான மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவுக்குக் காம்பு குட்டை, இதழுக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு, பூ விரியும் முன்பே இருக்கும். அதுதான் சூலகம், பின்னால் காயாகிற பாகம். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆண் பூவில் மகரந்தம் அப்பிய ஒற்றைத் தண்டு. பெண் பூவில் மூன்றாகப் பிரிந்த, பிசுபிசுப்பான சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் நுனி.

மார்கழியில் கோலத்துக்குப் பூப் பறிக்க அனுப்பும்போது, "பிஞ்சு இருக்கிறதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்பாரே ஆச்சி! சாணிப் பிள்ளையார் தலையில் உட்கார்ந்ததெல்லாம் ஆண் பூதான். சூலகம் என்ற சொல்லை ஆச்சி கேட்டதே இல்லை.

நீ பள்ளியில் அறுத்துப் பார்த்தது செம்பருத்தி. அதில் இரண்டும் ஒரே பூவுக்குள்: நடுக்குழாயைச் சுற்றி மகரந்தப் பைகள், நுனியில் பொட்டு வைத்தாற்போல் ஐந்து சூல்முடிகள். எல்லாப் பூவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாய் போல. பனையிலும் தாழையிலும் மரமே ஆண், பெண் என்று தனித்தனி. நாம் ஆசை ஆசையாகச் சடையில் வைத்துத் தைக்கும் தாழம்பூ, ஆண் தாழையில் பூப்பது.

சரி, உன் ஏழாவது மாடிக்கு வருவோம். அங்கே தேனீ ஏறி வருமோ, வராதோ. பெண் பூ வந்தால் நீயே அந்த வேலையைப் பார். பூசணிப்பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. அதனால் எட்டு மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, அந்தத் தண்டைச் சூல்முடியின் மூன்று பக்கமும் மெதுவாகத் தடவு. மகரந்தம் சேரவில்லை என்றால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். அப்புறம், பக்கத்துத் தொட்டியில் இருக்கும் சுரைக்கு இந்த நேரம் ஆகாது. அது அந்தியில் விரிகிற வெள்ளைப் பூ. ஆபீஸிலிருந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யூரியாவை அள்ளிக் கொட்டாதே, கொடிதான் தழைக்கும். அடுத்த முறை படம் எடுத்தால் பூவின் அடியும் தெரிகிற மாதிரி எடு.

அம்மா