ஊசி இருந்தது, நூல்தான் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இதழின் வளர்ப்புப் பிராணிகள் பக்கத்தில், நாயும் பூனையும் கண்டதை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருந்தீர்கள். பந்து, எலும்பு, பேட்டரி எல்லாம் வந்திருந்தன. பேட்டரியைப் பற்றிச் சொன்னது மிகவும் சரி. பொத்தான் அளவுள்ள அந்த வில்லை உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். ஆனால், சிறிய பொருள் என்றால் ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும், பதற வேண்டாம் என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருடமாக வீட்டில் துணி தைக்கிறேன். நூலைவிடச் சிறிய பொருள் எது, சொல்லுங்கள்?

போன மார்கழியில் ஒரு நாள், புடவை ஓரம் அடிப்பதற்காகக் கண்டிலிருந்து சிவப்பு நூலை நீளமாக இழுத்துப் பல்லால் கடித்து மிஷின்மேல் போட்டேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பேசிவிட்டு வந்து பார்த்தால் ஊசி குத்திய இடத்தில் அப்படியே இருக்கிறது, நூலைக் காணவில்லை. எங்கள் பூனை மணி பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஊசியை விழுங்கவில்லையே, அப்பாடா என்று வேறு நூல் கோத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வாந்தி. மதியம் இரண்டு தடவை. பாலை முகர்ந்து பார்த்துவிட்டு மிஷினுக்கடியில் போய் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வயிற்றைத் தொட்டால் சீறியது. பக்கத்து வீட்டு அக்கா அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் விடச் சொன்னார், எதிர்வீட்டு மாமா வாழைப்பழம் என்றார். இரண்டையும் நான் செய்யாமல் விட்டதற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல, அது வாயைத் திறக்கவே விடவில்லை. சாயங்காலம் கொஞ்சம் மலம் கழித்ததும், வழி திறந்துதானே இருக்கிறது என்று இன்னொரு ராத்திரியையும் வீணாக்கினேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் வயிற்றைத் தொடவில்லை. பூனையின் தலையை ஒரு கையால் நிமிர்த்தி வாயைத் திறந்து, தாடைக்குக் கீழே வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினார். நாக்கு மேலே எழும்பியது. அதன் அடியில், நாக்கு வாயின் அடிப்பக்கத்தோடு ஒட்டுகிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. என் நூல்தான். சதைக்குள் பாதி புதைந்திருந்தது. என் கை தானாக அதைப் பிடிக்கப் போனது. டாக்டரம்மா பட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். "இழுத்தீர்கள் என்றால் குடல் அறுந்துவிடும்."

பிறகு அவர் விளக்கியது எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் தினமும் நான் செய்கிற வேலைதான் அது. பாவாடைக்குச் சுருக்கு வைக்க நீளமாக ஓர் இழை ஓட்டி, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு துணியைத் தள்ளுவோம் அல்லவா? துணி மடிப்பு மடிப்பாகக் கூடிவிடும். பூனை வயிற்றிலும் அதுவே நடக்கிறது. நூலின் ஒரு நுனி நாக்கின் அடியிலோ, இரைப்பை குடலுக்குள் திறக்கிற வாயிலோ மாட்டிக்கொள்கிறது. மறு நுனியைக் குடல் கீழே தள்ளப் பார்க்கிறது. நூல் நகராததால் குடலே அதன்மேல் ஏறிச் சுருங்குகிறது. குடல் அசைய அசைய, இறுகிய நூல் வாள்போல அதன் சுவரை அறுக்கிறது. ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் கசிந்தால் பிழைப்பது கடினம். பூனை நூலைத் துப்பிவிடக் கூடாதா என்று கேட்டேன். அதன் நாக்கில் உள்ள முட்களெல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. ஒருமுறை நூல் அவற்றில் பட்டுவிட்டால் உள்ளே போகுமே தவிர வெளியே வராது.

எக்ஸ்ரேயில் நூல் தெரியவே இல்லை. கொத்தாகச் சுருண்ட குடலும், அதற்குள் கால்புள்ளி வடிவத்தில் சில காற்றுக் குமிழிகளும்தான் தெரிந்தன. அன்றைக்கே அறுவை சிகிச்சை. முதலில் நாக்கின் அடியில் நூலைக் கத்தரித்துவிட்டு, இரைப்பையிலும் குடலில் இரண்டு இடங்களிலும் திறந்து துண்டு துண்டாக எடுத்தார்கள். ஓட்டை விழுந்திருக்கவில்லை. இன்னொரு நாள் தள்ளியிருந்தால் உறுதி சொல்லியிருக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. விளக்கெண்ணெய் விட்டிருந்தால், அடைபட்ட குடலை இன்னும் முடுக்கிவிட்ட கதையாகியிருக்குமாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. ரத்தத்தில் உப்பு ஏறியே நாய் பூனைகள் செத்துப்போவதுண்டு.

தையல்காரி வீட்டில்தானே நூல் கிடக்கும் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். வாடிய மல்லிகைச் சரத்தை எங்கே போடுகிறோம்? ஓட்டல் பொட்டலத்தில் சுற்றி வரும் நூல், குருமாவில் ஊறிக் குப்பைக்கூடையின் மேலேயே கிடக்கிறது. அதைவிட ருசியான நூல் ஒரு பூனைக்கு வேண்டுமா?

நாய் வீட்டுக்காரர்களுக்கு இப்போது வேறு கவலை. மாம்பழக் காலம். சப்பிப் போட்ட கொட்டை வழவழவென்று இருப்பதால் நாய் கடிக்காமல் முழுசாக விழுங்கிவிடுகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு நாய் அப்படி விழுங்கியது. கொட்டை இரைப்பையில் வாரக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, ஒரு நாள் சிறுகுடலுக்குள் நழுவி அடைத்துக்கொண்டது. கல், உலோகம்போல மாங்கொட்டை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாது. துணியும் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். அதனால் என்ன தின்றது என்பதை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாய் தின்றது உள்ளாடை, நாப்கின் என்றால் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு, "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று மழுப்புகிறார்களாம். டாக்டர் பார்க்காத உள்ளாடையா?

எனவே அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். பூனை வாந்தி எடுத்தால் நாக்கின் அடியில் பார்க்கச் சொல்லுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த இதழில் இடமில்லை, மாம்பழம் முடிந்துவிடும் என்றாலும் பரவாயில்லை, போடுங்கள். வைகாசியில் விழுங்கிய கொட்டை ஆடியில்கூட அடைக்கும்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
ஸ்ரீரங்கம்.