வடசென்னை லேப் ஓனருங்களுக்கு, ஈஸ்ட் ரிப்போர்ட் பத்தி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் லேப் நடத்துறவங்களுக்கும், ரிப்போர்ட்ல கையெழுத்து போடுற டாக்டருங்களுக்கும் வணக்கம். நானும் இதே ஏரியால பெஞ்ச்ல நிக்கிற டெக்னீஷியன்தான், கோச்சுக்காம படிங்க.

பிளட் கல்ச்சர்ல, அதாவது ரத்தத்த வளர்த்து கிருமி பாக்குற டெஸ்ட்ல, ஈஸ்ட்ங்கிற பூஞ்சை வந்தா "கேண்டிடா ஸ்பீசிஸ்"னு, எந்த வகைன்னு சொல்லாம, ஒரே வரி அடிச்சு அனுப்புறீங்களே, அத வெச்சு என்ன மருந்து குடுப்பாங்க சார்? அதுல க்ரூசைங்கிற வகையா இருந்தா ஃப்ளுகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து கேக்கவே கேக்காது, அதுக்கு டெஸ்ட்டே வேணாம், பேரு தெரிஞ்சா போதும். ஆரிஸ்ங்கிற வகை வந்தா சில மெஷின் தப்பா ஹீமுலோனிங்கிற வேற வகைன்னு காட்டும், அதையும் அப்படியே பிரிண்ட் எடுத்து குடுத்துடுறாங்க.

அடுத்தது டிஸ்க், அதாவது மருந்து ஏத்துன சின்ன வட்டக் காகிதம். பாக்டீரியாவுக்கு ஊத்தி வெச்ச சாதா முல்லர் ஹின்டன் மீடியம் பிளேட்லயே ஃப்ளுகோனசோல் டிஸ்க்க வெச்சுட்டு ஸோன, அதாவது டிஸ்க்க சுத்தி ஈஸ்ட் வளராத வட்டத்த, அளக்குறது நம்ம பக்கம் சகஜமா நடக்குது. ஈஸ்ட்டுக்கு அந்த பிளேட்ல 2 சதவீதம் குளுக்கோஸும் மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் மெத்திலீன் ப்ளூவும் இருக்கணும், குளுக்கோஸ் இல்லன்னா சரியா வளராது, ப்ளூ இல்லன்னா ஓரம் எங்கன்னே தெரியாது. 25 மைக்ரோகிராம் டிஸ்க், 24 மணி நேரத்துல ரீடிங், ஆல்பிகன்ஸ்ங்கிற வகைக்கு ஸோன் 17 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும்னா சென்சிடிவ், 13ம் அதுக்கு கீழயும்னா ரெசிஸ்டன்ட், நடுவுல வந்தா டோஸ ஏத்தி குடுக்கணும். இன்னொன்னு, ஃப்ளுகோனசோல் மாதிரி அசோல் மருந்து ஈஸ்ட்ட கொல்லாது, வளரவிடாம புடிச்சு வெக்கும், அதனால ஸோனுக்குள்ள பொடிப்பொடியா காலனி தெரியும், அத பாத்து பயந்து ரெசிஸ்டன்ட்னு எழுதிட்டா பாவம் பேஷன்ட் தலையில தேவையில்லாம காஸ்ட்லி ஊசி.

எம்ஐசி, அதாவது ஈஸ்ட் வளர்ச்சிய தடுக்க வேண்டிய கொறஞ்ச மருந்து அளவு, போடுற லேபுங்களுக்கும் சொல்றேன், நம்பர மட்டும் போடாதீங்க, எந்த மெத்தட்னும் எழுதுங்க. அமெரிக்க சிஎல்எஸ்ஐ முறையும் ஐரோப்பிய யூகாஸ்ட் முறையும் ரெண்டுமே ஆர்பிஎம்ஐங்கிற வளர்ப்பு மீடியம்தான், ஆனா யூகாஸ்ட்ல போடுற ஈஸ்ட் எண்ணிக்கை 100 மடங்கு அதிகம், ஒண்ணோட நம்பர இன்னொண்ணோட டேபிள்ல வெச்சு பாக்கக்கூடாது. சிஎல்எஸ்ஐல அசோலுக்கு மருந்து இல்லாத கன்ட்ரோல விட வளர்ச்சி பாதியா கொறஞ்ச கிணறு (டெஸ்ட் தட்டுல இருக்குற குழி), ஆம்ஃபோடெரிசின் மருந்துன்னா சுத்தமா தெளிஞ்ச கிணறு, ரெண்டையும் ஒரே கண்ணால பாத்தா ரிசல்ட் கோவிந்தா. பாராப்சிலோசிஸ் 22019, க்ரூசை 6258 இந்த ரெண்டு, ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச கன்ட்ரோல் ஸ்ட்ரெயினும் கூடவே ஓடலன்னா அந்த நம்பர நான் நம்பமாட்டேன்.

இதெல்லாம் சின்ன லேபுக்கு கட்டுப்படியாகாதுன்னு எனக்கும் தெரியும். எல்லாரும் பண்ணுங்கன்னு கேக்கல. ஆனா நர்சிங் ஹோம்ல இருந்து பேஷன்ட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுறப்போ அவங்க கையில இருக்குறது நம்ம ரிப்போர்ட்தான், அந்த நேரத்துல பிளேட் ஆட்டோகிளேவுக்கு போயிருந்தா மறுபடி ரத்தம் எடுத்து மறுபடி வளர்த்து நாள் போயிடும், அவ்ளோ நாள் அந்த உடம்பு தாங்கணுமே. அதனால ரத்தத்துல ஈஸ்ட் வந்தா சபரோ ஸ்லோப்ல, அதாவது பூஞ்சை வளர்க்குற மீடியத்த சாய்வா ஊத்துன டியூப்ல, ஒண்ணு போட்டு வையுங்க, வசதி இருக்குற லேபுக்கு சீல் பண்ணி அனுப்புங்க, அனுப்பியிருக்கோம்னு ரிப்போர்ட்லயே எழுதுங்க, பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் அந்த ஸ்லோப்ப தூக்கிப் போடாதீங்க.