காது இரைச்சலோடு வாழ்பவர்களுக்கு வடசென்னையில் வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மாரடைப்பு குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதிவருவது பலருக்கும் பயன்படுகிறது. அந்த வரிசையில் இடம்பெறாமலே போய்விடும் ஒரு தொல்லையைப் பற்றியும், வடசென்னையில் உழைத்துப் பிழைக்கும் மக்கள் அதனோடு எப்படித் தனித்து விடப்படுகிறார்கள் என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். வெளியில் எந்தச் சத்தமும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ விசிலாகவும், ரீங்காரமாகவும், ‘கொய்ங்’ என்ற ஓசையாகவும் விடாமல் கேட்கும் இரைச்சல்தான் அது. மருத்துவர்கள் இதை டின்னிடஸ் என்கிறார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வெளியான கட்டுரை, வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கு, அதாவது உலகில் 74 கோடிக்கும் அதிகமானோருக்கு, இந்த அனுபவம் இருப்பதாகவும் அவர்களில் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது கடுமையான சிக்கலாக இருப்பதாகவும் மதிப்பிட்டது.

பணி ஓய்வு பெறும்வரை பெரம்பூர்ப் பக்கம் ஒரு பணிமனையில் வேலை செய்தவன் நான். எனக்கும் இந்த இரைச்சல் உண்டு. என்னோடு பணியாற்றியவர்களில் பலருக்கும் உண்டு. மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் எங்களுக்குக் கிடைப்பது ஒரே பதில்தான்: “இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள்.” இதன் முதற்பாதி பெருமளவு உண்மை. இரைச்சலையே அடியோடு போக்கும் மாத்திரை என்று அங்கீகரிக்கப்பட்ட எதுவும் இன்றுவரை இல்லை. ஆனால் இரண்டாம் பாதியை ஒருவர் தாமாகவே எப்படியோ செய்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. பழகுவதற்கு முறை இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், அவர்களை அரசு மருத்துவமனையில் சாதாரணத் தொழிலாளி சந்திக்க முடிய வேண்டும். இந்தக் கடிதத்தின் வேண்டுகோள் அதுதான்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் காரணம் புரியாத பயமே பலரைப் பாதி கொல்கிறது. உள்காதிலுள்ள காக்ளியாவில், ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுவது இவற்றின் வேலை. பேரிரைச்சலாலோ, வயதாலோ, சில மருந்துகளாலோ இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோனதும், மூளையில் ஒலியைக் கேட்டறியும் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூடிய நரம்புச் செயல்பாடே ஒலியாக உணரப்படுகிறது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். செவி நரம்பையே துண்டித்த பிறகும் பல நோயாளிகளுக்கு இரைச்சல் நிற்கவில்லை என்ற பழைய அனுபவமும், சிக்கல் காதோடு முடிவதில்லை என்பதைக் காட்டியது. எனவே இது மனப்பிரமையும் அல்ல, பைத்தியத்தின் தொடக்கமும் அல்ல. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நல்ல செவித்திறன் உள்ளவர்களை ஒலி புகாத அறையில் உட்காரவைத்துக் கேட்டபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஓசை கேட்பதாகச் சொன்னார்கள். ஓசை எழுவது அரிதல்ல; அதை ஆபத்தின் அறிகுறி என்று மூளை எடுத்துக்கொண்டு, உணர்ச்சியையும் தூக்கத்தையும் ஆளும் பகுதிகள் அதனோடு பிணைந்துவிடும்போதுதான் அது வதையாகிறது. பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் 1990-இல் முன்வைத்த கருத்தின் சாரம் இதுவே. இரைச்சலைப் பொருட்படுத்தாதிருக்க மூளையைப் பழக்கும் பயிற்சிக்கு அதுதான் அடிப்படை.

வடசென்னைக்கு இந்தச் செய்தி ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. ரயில் பெட்டியும் எஞ்சினும் சார்ந்த பணிமனைகள், மணலி, எண்ணூர் ஆலைகள், துறைமுகம், கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை, காசிமேட்டு விசைப்படகுகள் என இப்பகுதியின் பிழைப்பே சத்தத்தின் நடுவில் நடக்கிறது. எங்கள் பணிமனையில் இரும்புத் தகட்டின்மீது காற்றழுத்தச் சுத்தியல் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். கை துடைக்கக் கொடுக்கும் வேஸ்ட் காட்டனில், கிரீஸ் படாத ஓரமாகப் பார்த்துக் கிள்ளி, உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அந்தப் பஞ்சு தடுக்கும் ஒலி மிகச் சொற்பம். முறையாகச் செருகிய நுரை அடைப்பானும் காதை முழுவதும் மூடும் கவசமுமே உண்மையான பாதுகாப்பு. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடமே தாங்கலாம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் பின்பற்றிவந்த எல்லையோ 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் ஒரு நண்பர், கடலில் இருக்கும்போது காது நன்றாகவே இருக்கிறது, கரைக்கு வந்து வீட்டில் படுத்தால்தான் இரைச்சல் தொடங்குகிறது என்பார். கடல் காற்று காதுக்கு நல்லது என்பது அவர் நம்பிக்கை. உண்மையில் எஞ்சினின் ஓசை உள் இரைச்சலை மூடி மறைக்கிறது. அதே ஓசைதான் செல்களையும் அழித்துக்கொண்டிருக்கிறது. மறைப்பதும் கெடுப்பதும் ஒன்றாகவே இருப்பதால், பாதிப்பு முற்றும்வரை பலர் மருத்துவரிடம் வருவதே இல்லை.

இன்னொரு காரணத்தையும் இப்பகுதி மக்கள் அறிந்திருக்க வேண்டும். காசநோய்க்கு ஒருகாலத்தில் பரவலாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின் போன்ற ஊசிகள் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. இப்போது வாய்வழி மருந்துகள் முன்னுக்கு வந்துவிட்டன. ஆனால் அந்நாளில் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தவர்களில் இரைச்சலோடும் செவிக்குறைவோடும் வாழ்பவர்கள் உண்டு. புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் இவ்வகையே. இதைப் படித்துவிட்டு எவரும் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. காதில் இரைச்சல் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே.

‘பழகிக்கொள்ளுங்கள்’ என்பதற்கு முன்னால் செய்யவேண்டிய பரிசோதனைகளும் இருக்கின்றன. காதழுக்கு அடைத்திருந்தாலும், நடுக்காதில் சீழ் இருந்தாலும் இரைச்சல் கேட்கும். அவற்றைச் சரிசெய்தால் பலருக்குத் தீர்ந்துவிடும். ஒரே காதில் மட்டும் கேட்டால் செவி நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க ஸ்கேன் தேவைப்படலாம். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்டால் இரத்தக் குழாய்களை ஆராய வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போய் இரைச்சலும் சேர்ந்துகொண்டால் அது அவசர நிலை; முதல் சில நாட்களுக்குள், தாமதித்தாலும் இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்குவது செவித்திறனைக் காப்பாற்ற உதவக்கூடும். ‘சளி பிடித்திருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகும்’ என்று வீட்டில் காத்திருந்து அந்த நாட்களை இழப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

சிகிச்சை என்று வரும்போது, எது பலன் தரும், எது தராது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட நெறிமுறை, செவிக்குறைவும் சேர்ந்திருந்தால் காது கேட்கும் கருவியையும், அறிவுசார் நடத்தை சிகிச்சையையும் பரிந்துரைத்தது. ஜின்கோ, மெலடோனின், துத்தநாக மாத்திரைகளை இதற்காகப் பரிந்துரைக்கக் கூடாது என்றது. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல், இரைச்சலுக்காக மட்டும் பீட்டாஹிஸ்டின் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. இருந்தும் நம்மூரில் மாதக்கணக்கில் அந்த மாத்திரையை வாங்கி விழுங்குபவர்கள் எத்தனை பேர்! தலைசுற்றலோடு கூடிய மெனியர் நோய்க்கு அதைத் தருவது வேறு விஷயம். ‘முப்பதே நாளில் குணம்’ என்று விளம்பரம் செய்து சொட்டு மருந்தும் தைலமும் விற்பவர்களிடம் ஒரு மாதக் கூலியைக் கொடுத்துவிட்டு வருபவர்களுக்காக இன்னும் கூடுதலாக வருந்துகிறேன்.

அறிவுசார் நடத்தை சிகிச்சை இரைச்சலின் அளவைக் குறைப்பதில்லை. அதைப் பற்றிய எண்ணத்தையும் அச்சத்தையும் மாற்றி, அது வாழ்க்கையில் பிடித்திருக்கும் இடத்தைச் சுருக்குகிறது. முழு அமைதியில்தான் இரைச்சல் மிகத் தெளிவாகக் கேட்கும். இரவில் மின்சாரம் போய் மின்விசிறி சுழன்று நின்றதும், தெருவே அடங்கிய அந்த நேரத்தில், இரைச்சல் காதருகே வந்து நிற்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். எனவே படுக்கையருகே வானொலியையோ, மழை ஓசைப் பதிவையோ, இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்காத அளவுக்கு மெல்ல ஒலிக்கவிடுவது நல்லது. சத்தமான இடத்தில் காதை மூட வேண்டும். ஆனால் வீட்டிலும் அடைத்துக்கொண்டே இருந்தால் மூளை இன்னும் கூர்ந்து கேட்கத் தொடங்கும். இவை எளிய செய்திகள்தாம். நோயாளியின் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றை எடுத்துச்சொல்ல, கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்கு நேரமில்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அதற்காகவே செவித்திறன் வல்லுநர்களும் உளவியல் ஆலோசகர்களும் தேவை. தூக்கமின்றித் தவித்து, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருபவர்கள், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஆராய்ச்சியில் நம்பிக்கை தரும் வேலைகள் நடக்கின்றன. 2009-இல் குஜாவா, லிபர்மன் ஆகியோர் எலிகளிடம் செய்த ஆய்வில், பேரிரைச்சலுக்குப் பிறகு சாதாரணச் செவிச்சோதனை அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரும் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்ததைக் கண்டார்கள். ‘சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்படும் நோயாளியின் முறையீட்டைச் சந்தேகிக்க முடியாதபடி செய்த ஆய்வு அது. காதுக்கு ஒலியும் நாக்குக்கு மெல்லிய மின்தூண்டலும் சேர்த்துத் தரும் ஒரு கருவிக்கு 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அது எல்லோருக்கும் பலிப்பதில்லை, விலையும் நம் கைக்கு எட்டாதது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சுவீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்ஸன் குழுவினர் 2002-லேயே நடத்தைச் சிகிச்சையை இணையவழியில் கொடுத்துப் பலன் கண்டது. வீட்டுக்கொரு கைப்பேசி உள்ள நம் பகுதியில், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழில், கேட்டுப் பயிலும் வடிவில், அப்படியொரு பயிற்சியை அரசு மருத்துவக் கல்லூரிகள் உருவாக்கிச் சோதித்துப் பார்க்கலாம்.

சட்டத்தின் பக்கமும் ஓர் ஓட்டை இருக்கிறது. பணியிடச் சத்தத்தால் ஏற்படும் செவிக்குறைவு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகவும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்சார் நோயாகவும் இடம்பெற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி பேச்சு அலைவரிசைகளில் இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு. ஆனால் பணிமனைச் சத்தம் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றிலுள்ள உயர் அலைவரிசையை. எனவே இரவெல்லாம் இரைச்சலோடு விழித்திருப்பவர், சட்டத்தின் கண்ணுக்கு நலமானவர். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குப் பணிசார் பாதிப்பு என்று ஏற்கப்பட்டவற்றுள் மிக அதிகமானது டின்னிடஸ்தான் என்பதை நம் ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில், வாரத்தில் ஒரு நாளேனும் செவித்திறன் வல்லுநர் அமரும் ஏற்பாட்டை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், “காதில் இரைச்சல் உண்டா, ஒரு பக்கமா, இரு பக்கமா, தூக்கம் கெடுகிறதா” என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டாலே, யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் மாணவருக்குச் சேரும் நாளிலேயே செவிச்சோதனை செய்து பதிவு வைத்துக்கொண்டு, வேலைக்குப் போன பின்னும் ஆண்டுதோறும் அதே சோதனையைத் தொடர வேண்டும். எந்தச் சத்தத்தில், எத்தனை ஆண்டில், யாருக்கு இரைச்சல் தொடங்குகிறது என்பதற்கான நம்முடைய கணக்கு அதிலிருந்து கிடைக்கும்; இழப்பீடு கேட்கும் தொழிலாளியின் கையிலும் ஓர் ஆதாரம் இருக்கும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கென ஒதுக்கி, செவித்திறன் வல்லுநர் ஒருவரைக் கொண்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதச் செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.